லொக்அவுட் ஆகும்போது லினக்ஸே குப்பை அள்ளட்டும்

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோகொப்பி, பிரின்ட், ரீலோட், லமினேட்டிங், பின்மூலையில் மூன்று கொம்பியூட்டர். மூன்றிலும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், நான்தான் போட்டுக் கொடுத்தேன். வருகிறவர்கள் வாட்ஸ்அப்பையோ மெயிலையோ திறந்து அடையாள அட்டை ஸ்கேன், பாஸ்போர்ட் பக்கம், பாங்க் ஸ்டேட்மென்ட் என்று எல்லாவற்றையும் டவுன்லோட் பண்ணி, பிரின்ட் எடுத்து, காசைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். அடுத்தவர் வந்து உட்கார்ந்து டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தால் முந்தினவரின் வீட்டு விலாசத்திலிருந்து பாங்க் மீதி வரைக்கும் அங்கே கிடக்கும். ஒருநாள் அண்ணை கேட்டார்: "தம்பி, இவையள் லொக்அவுட் பண்ணினதும் இதெல்லாம் தன்பாட்டில அழியிற மாதிரி ஒண்டு செய்யேலாதோ?"

ஏலும் என்று உடனே சொல்லிவிட்டேன். ஒரு சின்ன ஸ்கிரிப்ட், நாலு வரி, அதை லொக்அவுட்டில் கொளுவிவிட்டால் சரி என்றுதான் அப்போது நினைத்தேன். எங்கே கொளுவுவது என்று பார்க்கப் போன பிறகுதான், லினக்ஸில் லொக்அவுட் என்று ஒரே ஒரு சம்பவம் கிடையாது என்பது உறைத்தது.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறீர்களா? ரயிலை விட்டு இறங்கி வாசலால் வந்தால் அங்கே நிற்பவர் கையை நீட்டி டிக்கெட்டை வாங்கிக்கொள்வார். ஆனால் பிளாட்பாரத்தின் நுனியால் இறங்கித் தண்டவாளத்தோடே கடற்கரைப் பக்கம் நடந்து போகிறவரை அவர் காணவே மாட்டார். அவரைப் பொறுத்தவரை அந்த ஆள் ரயிலில் வரவே இல்லை. நாம் எழுதும் துப்புரவு ஸ்கிரிப்டும் இதேபோல ஒரு வாசலில் நிற்கிற ஆள்தான். பயனர் எந்த வழியால் வெளியே போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அது ஓடும், ஓடாது.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டளைகளை நான் பெரும்பாலும் போனில்தான் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அதே மாதிரி வாயால் சொல்வதைப்போலவே இங்கேயும் எழுதுகிறேன். டொட் என்றால் புள்ளி, ஹைபன் என்றால் சின்னக் கோடு, அண்டர்ஸ்கோர் என்றால் அடிக்கோடு. தட்டும்போது ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதல் வாசல்: பேஷ்

டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற புரோகிராமை ஷெல் என்பார்கள், நம்முடைய ஷெல்லின் பெயர் பேஷ். உங்கள் ஹோம் போல்டருக்குள் டொட் பேஷ் அண்டர்ஸ்கோர் லொக்அவுட் என்ற பெயரில் ஒரு பைல் இருந்தால், லொகின் ஷெல் ஒன்று முடியும்போது பேஷ் அதைத் திறந்து உள்ளே இருப்பதை ஓட்டும். மின்டிலும், அதைப்போல இன்னொரு லினக்ஸான உபுண்டுவிலும் புதிதாக ஒரு பயனரை உருவாக்கினாலே இந்தப் பைல் கூடவே வந்துவிடும். திறந்து பாருங்கள், சில வரிதான் இருக்கும். எஸ்எச்எல்விஎல் என்ற மாறியின் மதிப்பு 1 ஆக இருந்தால் கிளியர் அண்டர்ஸ்கோர் கொன்சோல் என்ற கட்டளையை ஓட்டு என்று எழுதியிருக்கும். அதாவது நீங்கள் போனபின் திரையில் நீங்கள் தட்டியவை அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத் திரையைத் துடைக்கிற வேலை. அண்ணையின் பிரச்சினையும் இதேதான், அளவு மட்டும் பெரிசு.

அந்த 1 என்ன கணக்கு? ஒரு ஷெல்லுக்குள் இன்னொரு ஷெல்லைத் திறந்தால் அந்த எண் 2 ஆகும், அதற்குள் இன்னொன்று என்றால் 3. உள்ளே இருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும்போது துடைக்காமல், கடைசியாக வெளியே போகும்போது மட்டும் துடைக்கத்தான் இந்தச் சோதனை. உங்கள் ஸ்கிரிப்டிலும் இதை வையுங்கள்.

இனிச் சிக்கல். மேலே லொகின் ஷெல் என்று சொன்னேனே, அது வேண்டுமென்றே சொன்னது. கன்ட்ரோல், ஆல்ட், எப்3 மூன்றையும் அமத்தி வரும் கறுப்புத் திரையில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்தால் அது லொகின் ஷெல். எஸ்எஸ்எச் மூலம் தூரத்திலிருந்து நுழைந்தாலும் அப்படித்தான். ஆனால் டெஸ்க்டாப்பில் டெர்மினல் ஐகனைக் கிளிக் பண்ணித் திறக்கிறோமே, அது வழமையாக லொகின் ஷெல் கிடையாது. அங்கே எக்ஸிட் என்று தட்டினாலும் இந்தப் பைல் ஓடாது. டெஸ்க்டாப் மெனுவிலிருந்து லொக்அவுட் கொடுத்தாலும் ஓடாது. "பைலில் எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று ஆட்கள் தலையைச் சொறிவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணம்தான் என்பது என் அனுபவம். இதற்கு எதிர்மாறான கூத்தும் உண்டு. ஒரே டெர்மினலுக்குள் பல ஜன்னல் திறக்க உதவும் டீமக்ஸைப் பாவிக்கிறவர்களுக்கு அது திறக்கும் ஒவ்வொரு ஜன்னலும் வழமையாக லொகின் ஷெல்தான், ஆகவே ஒவ்வொன்றையும் மூடும்போது பைல் ஓடும்.

எஸ்எஸ்எச்சில் இருக்கும்போது வைபை அறுந்தால்? ஒருவரும் எக்ஸிட் என்று தட்டவில்லை. மறுபக்கம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் போய்விட்டதை உணர்ந்து ஷெல்லுக்கு ஹேங்அப் சிக்னல் அனுப்பும், ஷெல் செத்துப்போகும், லொக்அவுட் பைலை யாரும் தொடமாட்டார்கள். இந்த இடத்துக்கு ட்ராப் என்ற கட்டளை உதவும். ட்ராப், பிறகு மேற்கோள் குறிக்குள் செய்யவேண்டிய வேலை, பிறகு பெரிய எழுத்தில் எக்ஸிட். இந்த ஒரு வரியைக் கொடுத்துவிட்டால் பேஷ் எப்படி முடிந்தாலும், ஹேங்அப்பால் முடிந்தாலும்கூட, அந்த வேலையைச் செய்துவிட்டுத்தான் சாகும். கில் ஹைபன் 9 அடித்தால் மட்டும் தப்பாது, அதைப் பிடிக்க எந்தப் புரோகிராமாலும் முடியாது. ஆனால் ட்ராப்பை, பேஷ் திறக்கும்போது படிக்கிற டொட் பேஷ்ஆர்சி பைலில் போட்டால் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு டெர்மினல் ஜன்னலுக்கும் அது ஒட்டிக்கொள்ளும், ஜன்னலை மூடும்போதெல்லாம் ஓடும். டெர்மினல் அளவிலான சின்ன வேலைக்கு இது சரி. டவுன்லோட்ஸை அழிக்கிற வேலையைக் கொடுத்தால் பகல் சாப்பாட்டுக்கு முன்னம் அழுவீர்கள்.

நான் அழுதிருக்கிறேன், ட்ராப்பால் அல்ல, லொக்அவுட் பைலால். அண்ணைக்குச் செய்து கொடுக்க முன் வீட்டில் பரீட்சித்துப் பார்ப்போம் என்று டவுன்லோட்ஸை அழிக்கும் வரியை என் லொக்அவுட் பைலில் போட்டுவிட்டு, அதை அப்படியே மறந்துபோனேன். மறுநாள் வேலைக்குப் போன இடத்திலிருந்து ஏதோ ஒரு பைல் தேவைப்பட்டு எஸ்எஸ்எச்சில் வீட்டு மெஷினுக்குள் நுழைந்து, எடுத்துக்கொண்டு, ஒழுங்காக எக்ஸிட் தட்டி வெளியே வந்தேன். அந்த நேரம் தங்கச்சி அதே மெஷினில், அதே பயனர் பெயரில், கம்பஸ் அப்ளிகேஷனுக்காக ஸ்கேன் பண்ணிய சான்றிதழ்களை எல்லாம் டவுன்லோட்ஸில் சேர்த்து வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். போன் வந்தது. "என்ர பைலெல்லாம் எங்க அண்ணா?" திரும்ப ஸ்கேன் பண்ண நான்தான் ஒரிஜினல்களைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு தடவை உள்ளே வந்து வெளியே போகும் வரைக்கும் ஒரு செஷன். ஒரு பயனர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செஷனில் இருக்கலாம், ஒன்று முடிவது எல்லாம் முடிவதாகாது. இது எனக்கு மண்டையில் ஏறியது அன்றுதான்.

கடைசிச் செஷன் முடியும்போது மட்டும்

லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் புரோகிராமான சிஸ்டம்டி இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது, வீட்டு மெஷினுக்கு இப்போது நான் பாவிப்பது இதைத்தான். நீங்கள் முதல் தடவை லொகின் ஆகும்போது சிஸ்டம்டி உங்களுக்கென்று தனியாக ஒரு மேனேஜரை எழுப்பிவிடும். நீங்கள் எத்தனை செஷன் திறந்தாலும் மேனேஜர் ஒன்றுதான். கடைசிச் செஷனும் முடிந்தபின், மாற்றாமல் விட்டால் 10 விநாடி பார்த்துவிட்டு, அது தானும் படுத்துவிடும். படுக்கும்போது தன்னிடம் இருக்கும் சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். அந்த நிறுத்தத்தில்தான் நம் ஸ்கிரிப்டைக் கொளுவ வேண்டும்.

ஹோமுக்குள் டொட் கொன்பிக், அதற்குள் சிஸ்டம்டி, அதற்குள் யூசர் என்ற போல்டரில் துப்புரவு என்று பொருள்படும் ஏதாவது ஒரு பெயர் வைத்து, டொட் சேர்விஸ் என்று முடியும் ஒரு பைல் உருவாக்குங்கள். சதுர அடைப்புக்குள் சேர்விஸ் என்ற தலைப்பு, அதன் கீழ் மூன்று விஷயம் வேண்டும். இந்தப் பைலில் தலைப்புகளிலும் சமனுக்கு முன்னால் வரும் பெயர்களிலும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவில் இடைவெளி இல்லை. டைப் என்பதற்கு ஒன்ஷொட். ரிமெய்ன் ஆப்டர் எக்ஸிட் என்பதற்கு யெஸ். எக்ஸெக் ஸ்டொப் என்பதற்கு உங்கள் ஸ்கிரிப்டின் முழுப் பாதை. நடுவில் இருப்பதுதான் சூட்சுமம். தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டாலும், இந்தச் சேவை இன்னும் உயிரோடு இருப்பதாகவே கணக்கு வைத்திரு என்று அது சிஸ்டம்டிக்குச் சொல்கிறது. உயிரோடு இருந்தால்தானே நிறுத்த முடியும், நிறுத்தினால்தானே நம் ஸ்கிரிப்ட் ஓடும்! பிறகு இன்ஸ்டோல் தலைப்பின் கீழ் வொன்டட் பை என்பதற்கு டிபோல்ட் டொட் டார்கெட் என்று கொடுத்து, சிஸ்டம்சிடிஎல் கட்டளையை ஹைபன் ஹைபன் யூசர், எனேபிள், ஹைபன் ஹைபன் நவ், கடைசியில் அந்தப் பைலின் பெயர் என்று கொடுத்து ஒருதடவை ஓட்டினால் முடிந்தது. ரூட், அதாவது மெஷினின் முழு அதிகாரமும் உள்ள பயனரின் அனுமதிகூடத் தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கை. உங்கள் பயனருக்கு லிங்கர் போடப்பட்டிருந்தால், அதாவது ஆள் போனபிறகும் பின்னணியில் ஏதாவது ஓடவேண்டும் என்று முந்தி ஒருநாள் நீங்களே போட்டிருந்தால், மேனேஜர் படுக்காது, மெஷினை நிறுத்தும் வரைக்கும் ஸ்கிரிப்டும் ஓடாது. மற்றது, ஸ்கிரிப்ட் ஓடும் நேரம் டெஸ்க்டாப் போயிருக்கும், ஆகவே "அழிக்கட்டா?" என்று ஜன்னல் திறந்து கேட்கும் ஆசையெல்லாம் நடக்காது.

கடையில் வேறு வாசல்

அண்ணையின் கடையில் எஸ்எஸ்எச்சும் இல்லை, கறுப்புத் திரையும் இல்லை. எல்லோரும் ஒரே லொகின் திரையால் வந்து அதாலேயே போகிறவர்கள். அந்தத் திரையை நடத்தும் புரோகிராமே வாசலில் நிற்கட்டும் என்று விட்டுவிடலாம். மின்டில் அந்த வேலையைச் செய்வது லைட்டிஎம். சிஸ்டத்தின் செட்டிங் பைல்கள் இருக்கும் எட்சி போல்டருக்குள், லைட்டிஎம் போல்டரில் இருக்கும் அதன் கொன்பிக் பைலில், சீட் (முதலெழுத்து பெரிய எழுத்து) பகுதியின் கீழ், செஷன் ஹைபன் கிளீனப் ஹைபன் ஸ்கிரிப்ட் என்று எழுதி, சமன் போட்டு, ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுத்தால், டெஸ்க்டாப் செஷன் முடிந்ததும் அது ஓடும். உபுண்டுவில் லொகின் திரையை நடத்துவது ஜிடிஎம் என்றால் எட்சிக்குள் ஜிடிஎம்3, அதற்குள் போஸ்ட்செஷன், அதற்குள் டிபோல்ட் என்ற பைல்; போஸ்ட், செஷன், டிபோல்ட் மூன்றின் முதலெழுத்தும் பெரிய எழுத்து. இரண்டும் ரூட்டாக ஓடுபவை. போனவர் யார் என்பது, முழுதும் பெரிய எழுத்தில், யூசர் என்ற மாறியில் இருக்கும், அது கடைக்கென்று வைத்த பயனர் பெயர்தானா என்று முதல் வரியிலேயே பார்த்து, இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் வெளியே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அண்ணை தன் கணக்கு வழக்கு பார்த்துவிட்டு லொக்அவுட் பண்ணும் நாளில் கதை வேறு.

உள்ளே வருகிறவரைச் சரிபார்த்துச் செஷன் திறந்து மூடும் பாம் என்ற ஏற்பாட்டின் மூலமும் இதைச் செய்யலாம், செஷன் மூடும்போது அதன் பாம் எக்ஸெக் என்ற பகுதி ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும். ஆனால் பாம் என்பது லொகின் திரைக்கு மட்டும் உரியதல்ல, வேறு பயனராகக் கட்டளை ஓட்டும் சூ, சுடோ, குறித்த நேரத்தில் வேலை ஓட்டும் க்ரொன் எல்லாமே அதன் வழியாகச் செஷன் திறந்து மூடுபவை. தவறான பைலில் கொளுவினால் யாரோ சுடோ தட்டியதற்கெல்லாம் துப்புரவு நடக்கும். தொடங்குகிறவர்கள் இந்தப் பக்கம் போகத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஸ்கிரிப்டுக்குள் என்ன எழுதுவது? முதலில் ஒன்றையும் அழிக்காதீர்கள். லொகர் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு வசனத்தைக் கொடுத்தால் சிஸ்டத்தின் பதிவேட்டில் நேரத்தோடு எழுதி வைக்கும். "துப்புரவு ஓடியது" என்ற ஒரே வரியோடு ஸ்கிரிப்டைக் கொளுவிவிட்டு, மெனுவால் லொக்அவுட் பண்ணிப் பாருங்கள், ஜன்னலை மூடிப் பாருங்கள், ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள், ஸ்கிரீனை லொக் பண்ணிப் பாருங்கள். பிறகு அந்தப் பதிவேட்டைக் காட்டும் ஜேர்னல்சிடிஎல் கட்டளையில் எந்தெந்தத் தடவை அந்த வரி வந்திருக்கிறது என்று தேடுங்கள். ஸ்கிரீன் லொக்குக்கு வராது, அது லொக்அவுட்டே கிடையாது. ஸ்விட்ச் யூசருக்கும் வராது, பழைய ஆள் பின்னால் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒரு தடவைகூட வரி வரவில்லையென்றால் ஸ்கிரிப்டுக்கு எக்ஸெக்யூட் அனுமதி கொடுத்தீர்களா என்று பாருங்கள், சிஎச்மொட் பிளஸ் எக்ஸ். பத்தில் ஏழு தடவை அதுதான்.

அழிக்கத் தொடங்கும்போது ஒரே ஒரு பயம் வேண்டும். போல்டரின் பாதையை ஒரு மாறியில் வைத்து, அந்த மாறிக்குப் பின்னால் ஸ்லாஷும் நட்சத்திரமும் போட்டு, கேட்காமலே எல்லாவற்றையும் அழிக்கும் ஆர்எம் ஹைபன் ஆர்எப் எழுதினால், ஏதோ காரணத்தால் மாறி வெறுமையாக இருக்கும் நாளில் அந்த வரி "ஸ்லாஷ், நட்சத்திரம்" என்று மட்டும் மிஞ்சும். ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்டில் அதற்கு அர்த்தம் முழு மெஷினும் காலி. மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் போட்டு, பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்தால், வெறுமையாக இருக்கும்போது பேஷ் அந்த இடத்திலேயே ஸ்கிரிப்டை நிறுத்திவிடும். இரண்டே இரண்டு குறி, கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

டவுன்லோட்ஸ், குப்பைத்தொட்டி, அண்மையில் திறந்த பைல்களின் பட்டியல், இந்த மூன்றும் துப்புரவில் கட்டாயம். குப்பைத்தொட்டி ஹோமுக்குள் டொட் லோக்கல், ஷெயர், ட்ரேஷ் (இதன் முதலெழுத்து பெரிய எழுத்து) என்ற பாதையில் இருக்கும், மறந்துவிடுவோம். பிரவுசர் விஷயத்துக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை, பயர்பொக்ஸை மூடும்போது குக்கீயையும் ஹிஸ்டரியையும் அழிக்கும்படி அதன் செட்டிங்கிலேயே சொல்லலாம். பிரின்ட் கடைக்காரர் கவனிக்காமல் விடும் இன்னொரு மூலை இருக்கிறது. லினக்ஸில் பிரின்ட் வேலையைப் பார்க்கும் கப்ஸ், அடித்து முடித்த பைலின் பிரதியை உடனே எறியாது, மாற்றாமல் விட்டால் ஒரு நாள் வரை தன்னிடம் வைத்திருக்கும். டவுன்லோட்ஸைப் பளிச்சென்று துடைத்துவிட்டு அதே பாஸ்போர்ட்டை ஸ்பூலில், அதாவது கப்ஸின் அந்தச் சேமிப்பு போல்டரில், விட்டுவைத்திருப்போம்! கப்ஸின் கப்ஸ்டி என்ற கொன்பிக் பைலில் பிரிசேர்வ் ஜொப் பைல்ஸ் என்பதற்கு நோ என்று கொடுங்கள், லொக்அவுட் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கரண்ட் போனால்

இவ்வளவும் செய்தபிறகு அண்ணை கேட்டது ஒரே கேள்வி. "கரண்ட் போனா?"

நியாயமான கேள்வி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் நுழைந்த குரங்கு ஒன்றின் தலையில் பழி விழுந்து, முழு இலங்கையும் இருட்டில் கிடந்தது. கரண்ட் போகிற அந்த நொடியில் பேஷும் இல்லை, சிஸ்டம்டியும் இல்லை, லைட்டிஎம்மும் இல்லை, எந்த வாசலிலும் ஆள் கிடையாது. ஆகவே வெளியே போகும்போது மட்டும் துடைக்கிற ஏற்பாட்டை நம்பி இருக்கக்கூடாது, உள்ளே வரும்போதும் அதே ஸ்கிரிப்டை ஓட்டவேண்டும். லைட்டிஎம்மில் செஷன் ஹைபன் செட்டப் ஹைபன் ஸ்கிரிப்ட் என்று பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது, அதற்கும் அதே பாதையைக் கொடுத்தேன்.

இதைவிடச் சுகமான வழி, அழிக்கவேண்டியதை முதலிலேயே டிஸ்கில் எழுதாமல் விடுவது. மின்டின் லொகின் விண்டோ செட்டிங்கில் கெஸ்ட் செஷனை அனுமதிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. கெஸ்ட்டாக நுழைகிறவருக்கு ரேமில் ஒரு தற்காலிக ஹோம் போட்டுக் கொடுக்கப்படும், அவர் போனதும் அது கலைந்துவிடும், கரண்ட் போனாலும் கலைந்துவிடும். இரண்டு மெஷினை அப்படி மாற்றிவிட்டேன். மூன்றாவதில் ஸ்கேனர் செட்டிங்கை ஒவ்வொரு தடவையும் திரும்ப வைக்க அண்ணைக்குப் பொறுமை இல்லை, அது மட்டும் ஸ்கிரிப்டோடு இருக்கிறது.

ஒரு கிழமை கழித்துப் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்றாவது மெஷினில் ஒரு நாளைக்குத் துப்புரவு ஓடிய வரி இரண்டோ மூன்றோதான், ஆட்கள் வந்ததோ ஐம்பதுக்கு மேல். கடையில் ஒருவரும் லொக்அவுட் பண்ணுவதே இல்லை. எழும்பிப் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். இப்போது அண்ணையின் கவுண்டர் மெஷினில் மூன்று ஐகன் வைத்திருக்கிறேன், மெஷினுக்கு ஒன்று. அமத்தினால் அந்த மெஷினில் செஷனை முடித்துவைக்கும் லொகின்சிடிஎல் டெர்மினேட் ஹைபன் செஷன் கட்டளை ஓடி, ஆளின் செஷன் முடிந்து, லைட்டிஎம் தன் வேலையைப் பார்க்கும். மீதிக் காசைக் கொடுத்த கையோடு அதையும் அமத்திவிடுகிறார்.